காகித யானைக்கு முதுகு உண்டா?

பக்கத்தில் காகிதமும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தேடிக்கொண்டு போக வேண்டாம்; பால் கணக்கு எழுதும் காலண்டரின் ஓரம் போதும். அதில் ஒரு வட்டம் போடுங்கள். போட்டாயிற்றா? சரி, நீங்கள் வரைந்திருப்பது என்ன?

அப்பளமா? லட்டா? மேலேயிருந்து பார்த்தால் தெரியும் காப்பி டம்ளரின் வாயா? கவிழ்த்து வைத்த கிண்ணமா?

"நான் சும்மா ஒரு வட்டம் போட்டேன், என்னை ஏன் வம்புக்கு இழுக்கிறீர்கள்?" என்பீர்கள். குற்றம் உங்களுடையது அல்ல, காகிதத்தினுடையது. அதற்கு நீளம் உண்டு, அகலம் உண்டு, கனம் கிடையாது. அப்பளம், லட்டு, டம்ளர் எல்லாம் அதன்மேல் வந்து உட்கார்ந்தால் ஒரே வட்டமாகிவிடுகின்றன. இந்த வட்டத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும்படியான பொருளாகச் செய்து கொடுங்கள் என்று யாரிடமாவது கொடுத்தால், "அம்மா, இது அப்பளமா, லட்டா?" என்றுதான் அவர் முதலில் கேட்பார்.

கேட்காமலே செய்து கொடுக்கும் யந்திரம் ஒன்று இப்போது வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு, அதாவது ஏ.ஐ. என்ற பெயர் காதில் விழாத வீடு இன்று அநேகமாக இல்லை. கடிதம் எழுதுகிறது, பிள்ளைகளின் வீட்டுப் பாடத்தைச் செய்கிறது, ஜாதகம்கூடப் பார்க்கிறது. (பலிக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள்.) அதன் வித்தைகளில் ஒன்று, கையால் கிறுக்கிய படத்துக்கு உடம்பு கொடுப்பது. உங்கள் பெண் நோட்டுப் புத்தகத்தில் ஒரு யானை வரைந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் போனில் படம் பிடித்து யந்திரத்துக்கு அனுப்பினால், சில நிமிஷங்களில், சில சமயம் சில விநாடிகளிலேயே, அது முழு யானையாகத் திரையில் நிற்கும். விரலால் தள்ளினால் சுழலும். காதுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கலாம். வயிற்றுக்கு அடியில் குனிந்து பார்க்கலாம். திரையில் பார்த்தது போதாது என்றால் முப்பரிமாண அச்சு யந்திரம் இருக்கிறது. அது பிளாஸ்டிக் இழையை உருக்கி, மெல்லிய அடுக்கின்மேல் அடுக்காக வைத்து, யானையைப் பொம்மையாகவே செய்து தந்துவிடும். உள்ளங்கை அளவுப் பொம்மைக்குச் சில மணி நேரம் பிடிக்கும். நவராத்திரிக்குள் முடித்தால் கொலுப்படியிலும் வைக்கலாம்.

கேட்க ஆனந்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் குழந்தை வரைந்தது யானையின் ஒரு பக்கத்தை. மறுபக்கத்தை அவள் வரையவே இல்லையே! அதை வரைந்தது யார்?

மூன்றே உருவங்கள்

இந்தக் கேள்வி புதிது அல்ல. இதற்கு வயது அறுபதுக்கு மேல் ஆகிறது.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்று பிரசித்தி பெற்ற கல்வி நிலையம் இருக்கிறது. அங்கே 1963-ம் வருஷம் இரண்டு இளைஞர்கள் டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்தார்கள். ஒருவர் ஐவன் சதர்லண்ட். ஓர் ஒளிப் பேனாவைக் கொண்டு கம்ப்யூட்டரின் திரைமேலேயே கோடு போடும் முறையை அவர் செய்து காட்டினார். 'ஸ்கெட்ச்பேட்' என்று அதற்குப் பெயர். கம்ப்யூட்டர் என்றால் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் கணக்கு யந்திரம் என்றிருந்த காலத்தில், அதனிடம் படம் போட்டுப் பேசலாம் என்று காட்டியது பெரிய காரியம்.

மற்றொருவர் லாரன்ஸ் ராபர்ட்ஸ். கட்டைகளை அடுக்கிப் போட்டோ எடுத்து யந்திரத்துக்குக் காட்டினார் இவர். யந்திரம் போட்டோவிலிருந்து ஓரங்களைக் கோடுகளாகப் பிரித்தெடுத்து, அவை என்ன கட்டைகள் என்று தீர்மானித்து, பிறகு அதே அடுக்கை வேறு கோணத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்றும் வரைந்து காட்டியது! போட்டோவில் விழாத பின்பக்கம் அதற்கு எப்படித் தெரிந்தது? ரகசியம் ரொம்ப எளியது. அந்த யந்திரத்துக்குத் தெரிந்த உருவங்கள் மூன்றே மூன்று: சதுரக் கட்டை, ஆப்புக் கட்டை, ஆறு பட்டைக் கட்டை. உலகத்தில் உள்ள சகல வஸ்துக்களும் இந்த மூன்றில் ஒன்று, அல்லது இவற்றைச் சேர்த்து ஒட்டியது என்று அது நம்பியது. முன்பக்கம் சதுரக் கட்டை மாதிரி இருந்தால் பின்பக்கமும் சதுரக் கட்டைதான். தீர்ந்தது விஷயம்.

சிரிக்காதீர்கள். இன்றைய ஏ.ஐ.யும் அடிப்படையில் இதே காரியத்தைத்தான் செய்கிறது. மூன்று என்ற எண்ணிக்கைதான் மாறியிருக்கிறது.

மனைவிமார் செய்த உதவி

நடுவில் வந்தவர்களையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். இந்தக் கலையின் சரித்திரத்தில் மனைவிமார் அடிக்கடி எட்டிப் பார்க்கிறார்கள். நம் வாசகிகளுக்கு அதைச் சொல்லாமல் போவது தர்மம் அல்ல.

அமெரிக்காவின் யூட்டா சர்வகலாசாலையில் ஹென்றி கூரோ என்ற பிரெஞ்சுக்காரர், உருவத்தின் மேல் ஒளியும் நிழலும் வழுவழுவென்று படரும்படி செய்வது எப்படி என்று ஆராய்ந்தார். 1971-ல் ஆராய்ச்சியை முடித்தார். பரீட்சை செய்ய ஒரு முகம் வேண்டுமே? மனைவி ஸில்வி அகப்பட்டார். அந்த அம்மாளின் முகத்தின்மேலேயே கட்டம் கட்டமாகக் கோடுகள் போட்டு, அந்தப் புள்ளிகளின் அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார் கணவர். இன்று சினிமாவில் நாம் காணும் கம்ப்யூட்டர் முகங்களுக்கெல்லாம் ஒரு விதத்தில் ஸில்விதான் மூத்த அக்கா.

அதே சர்வகலாசாலையில் மார்ட்டின் நியூவெல் என்பவருக்கு 1975-ம் வருஷ வாக்கில் வேறு கவலை. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க நல்ல உருவம் ஒன்று வேண்டும்; வளைவும் இருக்க வேண்டும், துவாரமும் இருக்க வேண்டும். மனைவி ஸாண்ட்ராவோடு தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது இதைச் சொல்லியிருக்கிறார். எதிரே இருக்கும் டீ சாமான்களையே வரையலாமே என்று யோசனை சொன்னார் அந்த அம்மாள். கட்டம் போட்ட காகிதத்தை எடுத்து, கெண்டியைக் கண்ணால் பார்த்துப் பென்சிலால் வரைந்தார் நியூவெல். பிறகு அந்தப் படத்திலிருந்து புள்ளி புள்ளியாகக் கணக்கெடுத்து யந்திரத்தில் ஏற்றினார். கைப்படம் முப்பரிமாண உருவமானதற்கு இதைவிடப் பிரசித்தமான உதாரணம் கிடையாது. 'யூட்டா டீபாட்' என்ற பெயரில் அது உலகமெல்லாம் சுற்றிவிட்டது. 1995-ல் வந்த 'டாய் ஸ்டோரி' படத்தில்கூடத் தலைகாட்டுகிறது. அசல் பீங்கான் கெண்டி கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் சரித்திர மியூசியத்தில் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. நியூவெல் செய்த அந்தக் கெண்டிக்கு அடிப்பாகமே இல்லை! மேஜைமேல் இருக்கும் கெண்டியின் அடியை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. டீ ஊற்றினால் அப்படியே மேஜைக்குப் போயிருக்கும். ஆனால் ஒன்று: அவர் வரையாததை யந்திரமும் இட்டுக்கட்டவில்லை. இல்லாதது இல்லாமலே இருந்தது.

அச்சு யந்திரத்தின் கதையிலும் ஒரு மனைவி உண்டு. கலிபோர்னியாவில் சார்லஸ் ஹல் என்பவர், புற ஊதா ஒளி பட்டால் இறுகும் பிசினை வைத்து 1983-ல் கண் கழுவும் சிறிய கிண்ணம் ஒன்றைச் செய்தார். முப்பரிமாண அச்சில் பிறந்த முதல் பொருள் என்று அதைச் சொல்கிறார்கள். செய்து முடித்த ராத்திரியே மனைவியைப் போனில் கூப்பிட்டு ஆராய்ச்சிச் சாலைக்கு வரவழைத்துக் காட்டினாராம். ராத்திரி வேளையில் ஒரு கிண்ணத்தைப் பார்க்க எழுந்து போன அந்த அம்மாளின் பொறுமையை மெச்ச வேண்டும்.

பூரியும் யானையும்

கெண்டி வரைந்தவருக்குக் கணக்குத் தெரியும். நமக்கு அது வேண்டாம். கோடு போட்டால் உருவம் வர வேண்டும். இதை ஜப்பானில் தக்கியோ இகராஷி என்பவர் 1999-ல் தம் தோழர்களோடு செய்து காட்டினார். அந்த முறைக்கு 'டெடி' என்று பெயர். கரடி பொம்மையின் வெளிக்கோட்டை மட்டும் போட்டால் போதும். எண்ணெயில் விழுந்த பூரி மாதிரி படம் உப்பிக்கொண்டு எழும்! அகலமான இடம் அதிகமாக உப்பும், குறுகலான இடம் கொஞ்சமாக உப்பும். ஆகவே வயிறு குண்டாகவும் கைகால்கள் மெலிதாகவும் வரும். அருமையான யோசனை. ஆனால் மேஜை வரைந்தாலும் பூரி, வீடு வரைந்தாலும் பூரி.

இதைத் தாண்டி வந்ததுதான் ஏ.ஐ. அதற்கு யாரும் விதி சொல்லிக் கொடுக்கவில்லை, பண்டங்களைக் காட்டினார்கள். 2015-ல் 'ஷேப்நெட்' என்ற தொகுப்பில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட முப்பரிமாண உருவங்களை வகை பிரித்து வைத்தார்கள். 2022-ல் வந்த 'ஆப்ஜாவெர்ஸ்' தொகுப்பில் எட்டு லட்சத்துக்கு மேல். அடுத்த வருஷமே அதை ஒரு கோடிக்கு மேல் கொண்டுபோய்விட்டார்கள். நாற்காலி, செருப்பு, குதிரை, கோயில், பூச்சாடி என்று ஒவ்வொன்றையும் முன்னால், பின்னால், பக்கவாட்டில், மேலேயிருந்து என்று திருப்பித் திருப்பிக் காட்டினால் என்ன ஆகும்? ஆயிரம் ரவிக்கை தைத்த தையற்காரர் ஆளைப் பார்த்தே அளவு சொல்கிறாரே, அந்த மாதிரி ஒரு பழக்கம் ஏற்பட்டுவிடுகிறது. முன்பக்கம் இப்படி இருந்தால் பின்பக்கம் பெரும்பாலும் எப்படி இருக்கும் என்று யந்திரம் ஊகிக்கிறது.

வேலை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் உங்கள் கிறுக்கலை வர்ணமும் நிழலும் உள்ள முழுப் படமாக ஆக்கிக்கொள்கிறது. (கோட்டை மீறாமல் இப்படிப் படம் தீட்டும் முறை 2023-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையிலிருந்து வந்தது.) பிறகு, பார்க்காத பக்கங்களின் படங்களைத் தானே கற்பனை செய்கிறது. அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு முக்கோணங்களால் ஆன வலையாக உருவத்தைப் பின்னுகிறது. கடைசியில் அதன்மேல் வர்ணத் தோலைப் போர்த்துகிறது. தைத்த ரவிக்கையைப் பிரித்து விரித்தால் கழுத்தும் கையும் முதுகும் தனித்தனித் துண்டாகத் தரையில் கிடக்குமே, அதேபோல் அந்தத் தோலும் தட்டையான துண்டுகளாகத்தான் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது.

ஆரம்ப காலத்தில் ஒரு விபரீதம் நடந்தது. 2022-ல் கூகிள் விஞ்ஞானிகள் 'ட்ரீம்ஃபியூஷன்' என்ற முறையை வெளியிட்டார்கள். வாயால் சொன்னதை உருவமாக்கும் முறை. அதுவும் அதன் வழியில் வந்த மற்றவையும் செய்த உருவங்கள் சிலவற்றுக்கு முன்னாலும் முகம், பின்னாலும் முகம்! படங்களில் எல்லாம் முகத்தையே பார்த்துப் பழகிய யந்திரம், பின்னந்தலைக்கும் ஒரு முகத்தை வைத்துவிட்டது. ரோமர்களின் இரட்டைமுகத் தெய்வத்தின் பெயரால் 'ஜேனஸ்' கோளாறு என்று இதை அழைக்கிறார்கள். சமையலறையில் திரும்பி நின்றபடி கூடத்தில் பிள்ளைகள் அடிக்கும் கொட்டத்தைக் கவனிக்க வேண்டிய தாய்மாருக்கு இந்தக் கோளாறு இருந்தால் சௌகரியம்தான்! இப்போது அது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

திருகாணி எங்கே?

இரட்டை முகம் வந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எனக்குக் கவலை தருவது தெரியாமல் நடக்கும் திருத்தம்.

உங்கள் பெண் வரைந்த யானைக்கு ஐந்து கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது எதற்கு என்று கேட்டால், "அது ஓடுதம்மா!" என்பாள். யந்திரம் லட்சக்கணக்கான உருவங்களைப் பார்த்துப் பழகியது. அதற்கு யானை என்றால் நாலு கால். அநேகமாக ஐந்தாவதைத் தும்பிக்கையாகவோ வாலாகவோ ஆக்கிவிடும், அல்லது விழுங்கிவிடும். ஒரு காது பெரிதாகவும் ஒரு காது சிறிதாகவும் இருந்தால் சமமாக்கிவிடும். கோணல் கோடு நேராகிவிடும். வெளியே வரும் யானை ரொம்ப அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது கடைத்தெருவில் கிடைக்கும் யானை. உங்கள் பெண்ணின் யானை அல்ல.

பெரியவர்கள் விஷயத்தில் இதற்குப் பணமும் உண்டு. தோடு, பதக்கம் என்று தாங்களே மாதிரி வரைந்து பத்தரிடம் கொடுக்கும் பெண்கள் எத்தனையோ பேர். அந்தப் படத்தை யந்திரத்திடம் கொடுத்தால், முகப்பை ஜோராகச் செய்துவிடும். காதில் மாட்டும் தண்டு எங்கே, திருகாணி எங்கே? படத்தில் இல்லையே! பின்பக்கத்தை மொட்டையாக விட்டாலும் விடும். முகப்பையே பின்னாலும் ஒட்டிவைத்தாலும் வைக்கும். உள்ளே கூடாக இருக்க வேண்டிய இடத்தைக் கெட்டியாக நிரப்பிவிட்டால் தங்கத்தின் எடை என்ன ஆவது? ஜிமிக்கியின் சங்கிலிக் கண்ணிகளை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் அது ஆடுமா? பத்தரிடம் கொடுத்திருந்தால், "பின்னால் திருகா, கொக்கியா அம்மா? எத்தனை பவுனுக்குள் வேண்டும்?" என்று வாசலிலேயே கேட்டிருப்பார்.

நகைத் தொழிலில் இன்று கம்ப்யூட்டரில் உருவம் செய்து, மெழுகு போன்ற பொருளில் அச்சிட்டு, அதைக் கொண்டு தங்கத்தை வார்ப்பது சகஜமாகிவிட்டது. மெழுகு உருகிப் போன இடத்தில் உலோகம் புகும் இந்த வித்தை நம் சுவாமிமலை ஸ்தபதிகளின் பழைய வித்தைதான். தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து அளவுகளைக் குறித்துக்கொண்டு, மெழுகில் உருவம் பிடிக்கிறார்கள் அவர்கள். உற்சவ விக்கிரகம் வீதியில் பவனி வரும். எல்லாப் பக்கமும் ஜனங்கள் நிற்பார்கள். அதனால் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளின் பின்பக்கத்தைப் பாருங்கள், பின்னல் தொங்குவதும் ஆரத்தின் முடிச்சும் எத்தனை சிரத்தையாகச் செய்யப்பட்டிருக்கின்றன! அங்கே பின்பக்கம் என்பது ஊகம் அல்ல.

அப்படியானால் யந்திரம் வேண்டாமா? நன்றாக வேண்டும். அதோடு எப்படி நடந்துகொள்வது என்பதுதான் விஷயம். பொம்மைக்கும் சினிமாவுக்கும் உருவம் வரைகிறவர்கள் ஒரே ஆளை முன்னால், பக்கத்தில், பின்னால் என்று பல படங்களாக வரிசையாக வரைவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பல யந்திரங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட படங்களை வாங்கிக்கொள்கின்றன. நீங்கள் வரைந்து கொடுத்த பக்கத்தில் அது கற்பனை செய்வது குறையும். ஒரே படம்தான் முடியும் என்றால், நேர்முகமாக வரையாமல் சற்றே திரும்பிய நிலையில் வரையுங்கள். இரண்டு பக்கம் தெரியும். வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு மையால், கோடு விட்டுப் போகாமல் போடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், உங்கள் கை நிழல் விழாமல் படம் பிடியுங்கள். உருவம் வந்தவுடன் முகத்தைப் பார்த்து மயங்காமல் முதலில் திருப்பி முதுகைப் பாருங்கள், அடியைப் பாருங்கள், கைப்பிடியில் துவாரம் இருக்கிறதா பாருங்கள். அளவையும் நீங்களே சொல்ல வேண்டும். உங்கள் படத்தில் உள்ளது மூக்குத்தியா, தேர்ச்சக்கரமா என்பது அதற்குத் தெரியாது.

குழந்தையின் படமானால் இன்னொன்று செய்யலாம். "யானையின் அந்தப் பக்கம் எப்படியடி இருக்கும்?" என்று கேட்டு, இரண்டாவது காகிதத்தைக் கொடுங்கள். முதுகில் புத்தகப் பை தொங்குகிறதோ, வாலில் ரிப்பன் கட்டியிருக்கிறதோ, அவளுக்குத்தான் தெரியும். அந்தப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

இனி, சொந்தம் யாருக்கு? அமெரிக்காவில் இதற்கு ஒரு வழக்கம் உருவாகி வருகிறது. கிரிஸ் கஷ்டனோவா என்ற ஓவியர், தலையிலிருந்து ரோஜாக்கள் பூத்திருக்கும் ஒரு யந்திரப் பெண்ணைக் கையால் வரைந்தார், ஏ.ஐ. அதைப் போட்டோ மாதிரி உயிர்ப்பாக ஆக்கிக் கொடுத்தது. அந்த நாட்டின் பதிப்புரிமை அலுவலகம் 2023-ல் அதைப் பதிவு செய்துகொண்டது. ஆனால் முழுப் படத்துக்கும் அல்ல. அவர் கையால் போட்டு, இறுதிப் படத்திலும் தெளிவாகத் தெரிகிற அம்சத்துக்கு மட்டும். 2025 ஜனவரியில் அதே அலுவலகம் வெளியிட்ட அறிக்கையும் இந்த உதாரணத்தைக் காட்டி இதையே சொல்கிறது. நீங்கள் போட்ட கோடு உங்களுடையது. யந்திரம் தானாகச் சேர்த்ததற்கு நீங்கள் உரிமை கொண்டாட முடியாது. ஆகவே எவ்வளவு பக்கம் நீங்களே வரைகிறீர்களோ அவ்வளவு உங்களுக்கு லாபம்.

படத்தை அனுப்புமுன் அந்தக் கம்பெனியின் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். நீங்கள் அனுப்புவதைத் தன் யந்திரத்துக்குப் பாடமாக வைத்துக்கொள்ளுமா, மற்றவர்களுக்குக் காட்டுமா என்பது அதில் எழுதியிருக்கும். பதக்கத்தின் மாதிரியை விற்க நினைக்கிறவர்களுக்கு இது முக்கியம். குழந்தையின் பெயரும் பள்ளிக்கூடப் பெயரும் எழுதிய காகிதமானால், அந்த மூலையை மறைத்துவிட்டுப் படம் எடுக்க வேண்டியது அதைவிட முக்கியம். அசல் காகிதத்தில் தேதி போட்டுப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். அரிசி டப்பாவின் அடியில் போட்டுவிடாதீர்கள்.